வில்நெவ்-லே-மகலோன்: காயல், கதீட்ரல், சைக்கிள் தடம் – போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

உப்பங்கழி எழுதியது:

தென் பிரான்சுக்குப் போகிறேன் என்று யாராவது இங்கே எழுதிவிட்டால் போதும், நீஸ், கான், மார்செய் என்று பட்டியல் வந்து விழுகிறது. நான் மோன்பெலியேவில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். என் வீட்டிலிருந்து சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் ஊரைப் பற்றி இந்த மன்றத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த இழை.

ஊரின் பெயர் வில்நெவ்-லே-மகலோன். வில்நெவ் என்றால் நம் பாஷையில் புதூர். ஆயிரம் ஆண்டைத் தொட்ட பிறகும் புதூர் என்றே பெயர் நிலைத்துவிட்ட ஊர்களை நமக்கும் தெரியுமே, அந்த வகை. ஊர் நடுவில் புனித எத்தியேன் பெயரில் பழைய ரோமானெஸ்க் தேவாலயம், அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் குறுகிய தெருக்கள். அரைமணியில் சுற்றிவிடலாம். ஊருக்காக மட்டும் போனால் ஏமாந்து போவீர்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஊரின் தெற்கு எல்லையில் நிலம் முடிந்து காயல் தொடங்குகிறது. அர்னேல், ப்ரெவோ, பியேர் பிளான்ஷ், விக் என்று ஒன்றை அடுத்து ஒன்றாக உப்புநீர்க் காயல்கள். பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லை. அவற்றுக்கு அப்பால் ஒரு மெல்லிய மணல்பட்டை, அதற்கும் அப்பால் கடல். அந்த மணல்பட்டையை ஒட்டி, மரக்கூட்டத்துக்கு நடுவில் ஒரு கோட்டை போல நிற்கிறது மகலோன் கதீட்ரல். ஊரிலிருந்து பார்த்தால் தண்ணீரில் மிதப்பது போலத்தான் இருக்கும். அரபுக் கடற்கொள்ளையர் இடித்துத் தள்ளியதை 11ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டினார்கள். சுவர்களின் கனமும் சன்னல்களின் ஒடுக்கமும் அந்தப் பயத்தை இன்னும் காட்டுகின்றன.

போகும் வழிதான் அழகு. ஊரிலிருந்து பிலூ என்ற இடத்துக்கு வந்தால் மீனவர் குடில்கள். அங்கே ரோன்–செத் கால்வாய் குறுக்கே ஓடுகிறது. கால்வாயைக் கடக்க ஒரு மிதவைப் பாலம் உண்டு. படகு வந்தால் பாலம் விலகிவிடும். கரையில் நாம் காத்திருக்க வேண்டும். முதல் தடவை போனபோது அப்படி நின்றதில்தான் பக்கத்துக் காயலில் இருந்த பூநாரைகளை ஒழுங்காகப் பார்த்தேன். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி நீரில் வைத்துக்கொண்டு, கால்களால் சேற்றைக் கலக்கியபடி தன்னைத் தானே சுற்றிச் சுற்றி வந்தது ஒன்று. மாவு அரைக்கும் கல்லைப் போல.

போனவர்கள், போக நினைப்பவர்கள் எழுதுங்கள்.

---

சங்குவளை எழுதியது:

அண்ணா, சரியான நேரத்தில் எழுதினீர்கள். நாங்கள் புதுச்சேரிக் குடும்பம், பாரிசில் இருக்கிறோம். மே மாத இறுதியில் அம்மாவை அழைத்துக்கொண்டு மோன்பெலியே வருகிறோம். அம்மாவுக்கு 67 வயது. புதுச்சேரியில் இருந்தவரை கடைத்தெருவுக்கே சைக்கிளில்தான் போவார். இங்கே வந்து இருபது ஆண்டில் ஒரு தடவைகூட ஏறவில்லை. "எனக்கு மறக்காது, நீ வாடகைக்கு எடு" என்கிறார். எனக்குத்தான் பயம். வழி சமதளமா? கார்கள் வருமா?

---

இரட்டைச்சக்கரம் எழுதியது:

மேடு என்ற பேச்சே இல்லை, அம்மா தாராளமாக வரலாம். பயப்பட வேண்டியது காற்றுக்கு.

மோன்பெலியேவிலிருந்து லெஸ் ஆற்றை ஒட்டிச் சைக்கிள் தடம் லாத் வழியாகப் பலவாஸ் கடற்கரை வரை போகிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு, நல்ல தளம். பலவாசில் வலப்பக்கம் திரும்பி மணல்பட்டை வழியாக மேற்கே போனால் கதீட்ரல். நீளம் அதிகம் என்றால் மூன்றாம் எண் டிராமில் லாத் வரை வந்துவிட்டு அங்கிருந்து மிதிக்கலாம்.

சிக்கல் வடமேற்கிலிருந்து வரும் திரமொந்தான். அது வீசும் நாளில் கடலை நோக்கிப் போகும்போது நாம் பெரிய வீரர்கள் என்று தோன்றும், மிதிக்காமலே வண்டி ஓடும். திரும்பும்போதுதான் கணக்குத் தீரும். வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காலையில் காற்றின் திசையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பலமாக இருந்தால் அன்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

---

கல்வெட்டு எழுதியது:

உப்பங்கழி ஐயாவுக்கு ஒரு திருத்தம். மகலோனை இடித்தது அரபுகள் அல்லர். 737இல் அதை அழித்தவர் பிராங்கியத் தளபதி சார்ல் மார்த்தெல். அரபுகளுக்கு அது தளமாகப் பயன்பட்டுவிடக் கூடாது என்பதற்காக அவரே தரைமட்டமாக்கினார். அதற்கும் முன்பு 673இல் விசிகோத் அரசன் வாம்பா கிளர்ச்சியை அடக்க வந்து இதை முற்றுகையிட்டான். ஆயர் பீடம் உள்நாட்டுக்குப் போய், 11ஆம் நூற்றாண்டில் ஆயர் அர்னோ காலத்தில்தான் திரும்பி வந்தது.

இரண்டாவது இடிப்பும் வெளியாள் செய்ததில்லை. 1536இல் ஆயர் பீடம் மோன்பெலியேவுக்கு மாறியது. மதப் போர்களின்போது இந்தத் தீவுக் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்ததால், 1632இல் அரசரின் முதலமைச்சராக இருந்த கார்டினல் ரிஷெல்யூ கதீட்ரலைத் தவிர மற்றவற்றை இடிக்க உத்தரவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினலே இடித்த கத்தோலிக்க ஆயர் பீடம் அது. "கடற்கொள்ளையர் இடித்தார்கள்" என்பது கேட்க வசதியான கதை, அதனால்தான் எல்லோர் வாயிலும் அதுவே இருக்கிறது.

---

உப்பங்கழி எழுதியது:

திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. சுற்றுலாக் காகிதத்தில் படித்ததை ஆறு ஆண்டாக எல்லோருக்கும் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடற்கொள்ளைப் பயத்தால் சுவர் கனத்தது என்பதாவது நிற்குமா, அதுவும் போயிற்றா?

இடித்த கல்லெல்லாம் எங்கே போனது தெரியுமா?

---

கல்வெட்டு எழுதியது:

அது நிற்கும். பயம் உண்மை, இடித்த கை வேறு.

கல்லைத்தான் நானும் சொல்ல வந்தேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காயல்களின் ஊடே கால்வாய் வெட்டியபோது கரை கட்ட இங்கிருந்து கற்களை எடுத்துப்போனார்கள். துறவியர் இல்லங்களும் மதிலும் கால்வாய்க் கரையில்தான் கிடக்கின்றன. நீங்கள் சைக்கிள் ஓட்டுவது அந்தக் கரையை ஒட்டித்தான்.

1852இல் ஃபப்ரேழ் குடும்பம் இடத்தை வாங்கியது. அந்தக் குடும்பத்தின் ஃப்ரெதெரிக் ஃபப்ரேழ் கதீட்ரலைப் பழுதுபார்த்து, மரங்களை நட்டு, ஆராய்ச்சியும் செய்து வாழ்நாளைக் கழித்தார். தூரத்திலிருந்து பழமை போலத் தெரியும் அந்த மரக்கூட்டம் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

வாசலைத் தவற விடாதீர்கள். நடுவில் நான்கு நற்செய்தியாளர்களின் சின்னங்களோடு கிறிஸ்து, இரு புறமும் பேதுருவும் பவுலும். நிலைவாசலின் மேற்கல்லில் கொடிச் செதுக்கலும் ஒரு லத்தீன் பாட்டும் 1178 என்ற ஆண்டும் இருக்கின்றன. பாட்டின் தொடக்கத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: "தாகம் கொண்டோரே, எல்லோரும் வாழ்வின் துறைமுகத்துக்கு வாருங்கள், இவ்வாசல் நுழைகையில் உங்கள் நடத்தையைத் திருத்திக்கொள்ளுங்கள்." கடலோடிகள் வந்து இறங்கும் தீவில் இருந்துகொண்டு துறைமுகம் என்று எழுதியவன் சொல்லைத் தெரிந்துதான் போட்டிருக்கிறான்.

---

இரட்டைச்சக்கரம் எழுதியது:

தாகம் கொண்டோரே என்று அழைப்பது சரி. நான் போன ஆகஸ்டில் மணல்பட்டை நெடுகக் குடிநீர்க் குழாய் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இரண்டு பாட்டில் கொண்டு போங்கள். 1178இல் எழுதியவருக்கு அந்த அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கதீட்ரலிலிருந்து மேற்கே அரெஸ்கியே காடு, ஃப்ரொன்தின்யான் என்று கால்வாய் இழுகரை வழியாகவே போகலாம் என்று வரைபடம் காட்டும். போகலாம்தான். நான் போனபோது நெடுந்தூரம் செப்பனிடாத மண்தடம். மெல்லிய சக்கரம் போட்ட வண்டியில் போய் உடம்பெல்லாம் ஆட்டம் கண்டது. அதைவிடக் கொடுமை, ஒரு மணி நேரத்தில் மூன்று பஞ்சர். சக்கரத்திலிருந்து பிடுங்கிப் பார்த்தால் நெருஞ்சி முள்! சந்தேகம் வேண்டாம், ஊரில் வெறுங்காலில் மிதித்து அழுத அதே முள், அதே நாலு கொம்பு. தாவரவியல் படித்த நண்பரிடம் காட்டினேன், அதே இனம்தான் என்றார். மத்தியதரைக் கடலோர மணலெல்லாம் அதற்குச் சொந்த வீடாம். ஒட்டுப்போடும் சாமான் இரண்டுக்குத்தான் இருந்தது. மூன்றாவதுக்கு விக்-லா-கார்தியோல் ரயில் நிலையம் வரை தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அம்மாவை அந்தப் பக்கம் அழைத்துப் போக வேண்டாம்.

---

பழவேற்காட்டான் எழுதியது:

வணக்கம். நான் சைக்கிள்காரன் இல்லை, பிரான்சுக்குப் போனவனும் இல்லை. தலைப்பில் காயல் என்று இருந்ததால் உள்ளே வந்தேன். எங்கள் ஊர்ப் பெயரே என் பெயர்.

உப்பங்கழி சொன்ன பறவை எங்களிடமும் வருகிறது, பெரும் பூநாரைதானே? கால்களால் சேற்றை மிதித்துச் சுற்றி வருவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் கேட்க வந்தது வேறு. காயல் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி முகத்துவாரம் எங்கே என்பதுதான். முகத்துவாரம் திறந்திருந்தால் காயல் உயிரோடு இருக்கும். மணல் மூடிவிட்டால் இறாலும் இல்லை, மீனும் இல்லை. எங்களிடம் அது மூடுவதும், வெட்டித் திறக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஓய்வதும் வழக்கமாகிவிட்டது. அங்கே யார் திறக்கிறார்கள்? மீன் பிடிப்பது யார்? சைக்கிள் தடம் போட்டதில் மீனவர்களுக்கு என்ன ஆயிற்று?

---

உப்பங்கழி எழுதியது:

இப்படிக் கேட்க ஒருவர் வந்ததே இந்த இழைக்குக் கிடைத்த பேறு.

முகத்துவாரத்தை இங்கே 'க்ரோ' என்கிறார்கள். ப்ரெவோ காயலுக்கு ஒன்று பலவாசில் இருக்கிறது. கல் போட்டுக் கரை கட்டி நிலையாகத் திறந்தே வைத்திருக்கிறார்கள். கடல்நீர் நேராக வருவதால் அந்தக் காயலில் சிப்பி வளர்க்கிறார்கள். மற்றவற்றுக்குக் கடல்நீர் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். காரணம் நான் புகழ்ந்து எழுதிய அந்தக் கால்வாய். ஒரே நீர்ப்பரப்பாக இருந்ததைக் குறுக்கே வெட்டித் துண்டாக்கியது அதுதான். கரைகளில் ஆங்காங்கே விட்டிருக்கும் திறப்புகள் வழியாகத்தான் அர்னேல் மூச்சு விடுகிறது.

கோடையில் காற்று நின்று வெயில் ஏறும் நாட்களில் ஆக்சிஜன் தீர்ந்து நீர் வெளுத்து நாறும். இங்குள்ள ஒக்சிதான் மொழியில் அதற்கு 'மலாயிக்', கெட்ட நீர். 2018 கோடையில் மேற்கே உள்ள பெரிய தோ காயலில் சிப்பிகளும் மட்டிகளும் அப்படித்தான் கூட்டமாகச் செத்தன. இந்தச் சிறு காயல்களுக்கு இன்னொரு பாவமும் உண்டு: மோன்பெலியே நகரின் கழிவுநீர், சுத்திகரித்த பிறகும், லெஸ் ஆறு வழியாக இங்கேதான் வந்து சேர்ந்தது. 2005இல்தான் குழாய் போட்டுக் கடலுக்குள் 11 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். அதன் பிறகு நீர் தெளிந்து வருகிறது என்றாலும், அடியில் தங்கிய சேறு இன்னும் பழைய கடனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மீனவர்கள் இருக்கிறார்கள், குறைந்துவிட்டார்கள். விலாங்குக்குக் குச்சி நட்டுக் கூம்பு வலை கட்டுகிறார்கள். உரிமை விஷயத்தைக் கல்வெட்டு ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

---

கல்வெட்டு எழுதியது:

பிரெஞ்சு மத்தியதரைக் கரையில் 'ப்ருதோமி' என்ற அமைப்பு உண்டு. மீனவர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து. இடைக்கால மார்செயில் தோன்றியது. 1859இல் அரசாணை மூலம் ஒழுங்குபடுத்தப்பட்டு இன்றும் சட்டப்படி நிற்கிறது. யார் எங்கே வலை கட்டுவது, தகராறு வந்தால் யார் தீர்ப்பது, எல்லாம் அவர்கள் கையில். பலவாசிலும் ஒன்று உண்டு. லாங்தொக் என்னும் இந்தக் கரைப்பகுதியின் காயல்கள் பலவற்றில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

---

பழவேற்காட்டான் எழுதியது:

சீட்டுக் குலுக்கியா?

எங்களிடம் அதற்குப் பாடு என்று பெயர். இந்த இடத்தில் இன்றைக்கு யார் வலை போடுவது என்பதைத் தலைக்கட்டுகள் உட்கார்ந்து சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும். நல்ல இடம் ஒருவனுக்கே போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு. இதை ஏதோ எங்கள் குப்பத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஆழமில்லாத தண்ணீர், நகரும் மீன், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே தொழில் செய்ய வேண்டிய இடம். அங்கேயும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

என் அப்பாவிடம் இன்று இரவு சொல்கிறேன். "வெள்ளைக்காரனும் பாடு வைக்கிறானா" என்று கேட்பார்.

---

சங்குவளை எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கொசு உண்டா? அம்மாவைக் கொசு விடாது.

---

இரட்டைச்சக்கரம் எழுதியது:

உண்டு. 1958இலிருந்து கொசு ஒழிப்புக்கென்றே பல மாவட்டங்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் நடத்தும் கடற்கரை இது. 1963இல் அரசு இந்தக் கரையைச் சுற்றுலாவுக்குத் திறந்து, லா கிராந்த்-மோத் போன்ற கான்கிரீட் நகரங்களை எழுப்பியபோது, அந்தக் கொசு வேலை நடந்திராவிட்டால் யாரும் ஓர் இரவுகூடத் தங்கியிருக்க மாட்டார்கள். பகலில் காற்று இருக்கும்வரை தொல்லை இல்லை. சூரியன் இறங்கும் முன் திரும்பிவிடுங்கள்.

---

உப்பங்கழி எழுதியது:

அந்த 1963 திட்டம் இங்கே ஏன் முழுசாக வரவில்லை என்று யோசித்ததுண்டு. கிழக்கே பலவாஸ், கார்னோன், லா கிராந்த்-மோத் என்று அடுக்குமாடிகள். மகலோனில் ஒன்றும் இல்லை. கதீட்ரல் தோட்டம் ஒரே கையில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஊருக்கு மேற்கே உள்ள பழைய உப்பளத்தைக் கடற்கரைப் பாதுகாப்புக்கென 1975இல் ஏற்படுத்திய அரசு அமைப்பு பிறகு வாங்கிக்கொண்டது. உப்பு எடுப்பது நின்றுபோன அந்தப் பாத்திகளில் இப்போது உமரிச் செடியும் நெடுங்கால் உள்ளானும்தான். இலையுதிர் காலத்தில் உமரி சிவந்துவிடும். வேதாரண்யம் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும்.

பூநாரைக் காலில் வளையம் தெரிந்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கே ரோன் ஆற்றுக் கழிமுகமான கமார்கில் உள்ள தூர் து வலா ஆய்வு நிலையம் 1977இலிருந்து குஞ்சுகளுக்கு வளையம் போடுகிறது. அதற்கு எழுதினால் அந்தப் பறவை எந்த ஆண்டு, எங்கே பிறந்தது என்று பதில் வரும். நான் ஒன்றை எழுதி அனுப்பினேன், வந்தது. என்னைவிட அதற்கு இந்த ஊரில் அனுபவம் அதிகம்.

சங்குவளை, மே மாதம் என்பதால் கோடைக்கான சிறு சுற்றுலா ரயிலை நம்பாதீர்கள். மோன்பெலியேவில் பஸ்ஸும் டிராமும் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 2023 டிசம்பரிலிருந்து அந்த நகர வட்டாரத்தில் குடியிருப்போருக்கு மட்டும். நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டும்.

---

சங்குவளை எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

போய்வந்தோம். கடன்பட்டிருக்கிறேன் எல்லோருக்கும், அதனால் எழுதுகிறேன்.

வாடகைக் கடையில் அம்மா புடவையோடு நிற்பதைப் பார்த்துக் கடைக்காரர் மூன்று சக்கர வண்டியைக் காட்டினார். அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். குறுக்குக் கம்பி இல்லாத வண்டியாகப் பார்த்து எடுத்து, கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் இருபது மீட்டர் தடுமாறினார். அதற்குப் பிறகு லாத் வரை நான்தான் பின்னால்.

காற்று இல்லை. பிலூ பக்கம் போகவில்லை, பலவாஸ் வழியாகவே போய்த் திரும்பினோம். கதீட்ரலுக்குள் நுழைந்ததும் அம்மா பேசவில்லை. வெறும் கல், ஒரே நீண்ட கூடம், மேலே துறவியருக்கான மேடை, ஆங்காங்கே கல்லறைகள். மெழுகு வாசனைகூட இல்லை. வாசல் பாட்டின் பொருளைச் சொன்னேன். "உள்ளே வருபவனைத் திருந்தச் சொல்கிறார்கள், இடித்தவன் வாசல் வழியாகவா வந்தான்" என்றார். கல்வெட்டு ஐயா, இது உங்களுக்கு.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். அங்கே மயில் திரிகிறது என்று யாருமே எழுதவில்லையே! ஒன்று நேராக வந்து அம்மாவின் டப்பாவை எட்டிப் பார்த்தது. மயிலுக்குத் தமிழ் தெரியும் என்ற நினைப்பில் அம்மா அதனிடம் பேசிக்கொண்டே பாதிச் சாதத்தைக் கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்து வண்டியை ஒப்படைக்கும்போது பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. குனிந்து பிடுங்கியவர் அம்மாதான். முள்ளைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறார்.

---

இரட்டைச்சக்கரம் எழுதியது:

நாலு கொம்பா?

---

சங்குவளை எழுதியது:

நாலு கொம்பு. ஒன்று உடைந்திருக்கிறது.